காடு அழகாக வந்திருக்கிறது, பயம் மட்டும் வரவில்லை: உயிர் பிழைக்கும் படத்தில் எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி இது. கோலாலம்பூரில் ஆறு பேர் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் எடுக்கிறார்கள். மலையேறப் போன ஓர் ஆள் உலு லங்காட் பக்கம் வழி தவறி, நான்கு நாள் காட்டில் கிடந்து, உயிரோடு வெளியே வருகிறான். கையில் ஒரு மிர்ரர்லெஸ் கேமரா, மூன்று லென்ஸ், ஆறு நாள் அவகாசம். சோதனைக்காக ஒரு நாள் எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். "காடு ரொம்ப அழகா வந்திருக்கு. ஆனா பார்த்தவங்க யாருக்கும் பயமே வரலை. என்ன குறை?"

அந்த ஆளிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை. அதுதான் குறை. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இருட்ட எத்தனை நேரம் இருக்கிறது, எந்தக் காலில் வலி, கைப்பேசியில் மின்சாரம் எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் தெரிந்தால்தான், அது குறையும்போது வயிற்றைப் பிசையும். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் இருப்பதை முன்காட்சியில் பார்த்தவர்தான், அடுத்த காட்சியில் அவன் கால் இடறி விழும்போது "ஐயோ, பாட்டில்!" என்று பதறுவார். பச்சை மரங்களையும் மூடுபனியையும் எத்தனை நேரம் காட்டினாலும் இந்தப் பதற்றம் வராது.

ஆகவே கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்குத் தாள் போடுங்கள். பக்கவாட்டில் காட்சி எண்கள், மேலே ஆறு பத்திகள்: தண்ணீர், வெளிச்சம், பாதம், கை, துணி, கைப்பேசி. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். முதல் நாள் காலை 1.5 லிட்டர் பாட்டில் நிறைந்திருக்கிறது. நம் வெக்கையில் மேடேறும் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். ஆகவே மதியத்துக்குள் அது காலி. கைப்பேசி 61 விழுக்காட்டில் தொடங்கி, பள்ளத்தாக்கில் அலைவரிசை தேடித் தேடியே வேகமாக இறங்குகிறது. இரவில் டார்ச்சாகப் பயன்படுத்தியதில் இரண்டாம் நாள் காலையில் 9. இந்தத் தாளில் எந்தக் காட்சியில் எதுவுமே மாறவில்லையோ, அந்தக் காட்சி படத்துக்குத் தேவையில்லை. சோதனைப் படப்பிடிப்பில் நீங்கள் எடுத்தவற்றை இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எந்தப் பத்தியும் அசைந்திருக்காது.

அடுத்து, உடம்பு நாளுக்கு நாள் எப்படிக் கெடும் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காட்டில் ஆள் கெடுவதும் பாலைவனத்திலோ பனியிலோ கெடுவதும் ஒன்றல்ல. இங்கே எல்லாமே ஈரம். முதல் நாள் முதுகிலும் அக்குளிலும் சட்டை கருக்கும். முன்கையில் பிரம்பு முள் கிழித்த மெல்லிய இணைகோடுகள் விழும். காலுறைக்கு மேலே அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நூலாக இறங்கும். அட்டை கடிப்பது பெரும்பாலும் வலிக்காது. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் அட்டை விழுந்த பிறகும் நெடுநேரம் கசியும். அதனால் அவன் முதலில் பார்க்க வேண்டியது அட்டையை அல்ல, காலுறையில் பரவியிருக்கும் சிவப்பை. இரண்டாம் நாள் அந்தக் கீறல்களின் ஓரம் தடிக்கும், பாதத் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும், அடி எடுத்து வைக்கும் தூரம் குறையும். மூன்றாம் நாள் பாதத்தை முழுதாக ஊன்ற முடியாமல் வெளி ஓரத்தில் நடப்பான். கீறல்களில் சீழ் பிடிக்கும். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்திருந்தால் வயிறும் போகும். நான்காம் நாள் கை நடுங்கும், ஒரு முடிச்சைப் போட மூன்று முறை முயல வேண்டியிருக்கும்.

தாடி விஷயத்தில் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. ஒரு நாளில் தாடி வளர்வது 0.3 முதல் 0.4 மி.மீ. தான். நான்கு நாளில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகாது. அதற்கு மேல் ஒட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் நம்பிக்கை போய்விடும். நடிகர் முதல் நாள் காலையில் மழித்துக்கொண்டு, கதையின் வரிசைப்படியே படப்பிடிப்பு நடந்தால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். இடம் மாற்றும் அலைச்சல் கொஞ்சம் கூடினாலும், உங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு வரிசைப்படி எடுப்பதுதான் நல்லது. தோல், தாடி, களைப்பு மூன்றும் சும்மாவே கிடைக்கும்.

ஒரே சட்டை, ஒரே கால்சட்டையில் ஐந்து செட் வாங்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, ஐந்தாவது அவசரத்துக்கு. துணியைக் கத்தரியால் வெட்டாதீர்கள். வெட்டு நேர்கோடாகத் தெரியும். உப்புத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் முட்டியிலும் உட்காருமிடத்திலும் தேய்த்து நூலை நைந்துபோக விட்டு, பிறகு கையால் கிழிக்க வேண்டும். வெள்ளை நிறம் மங்குவதற்குக் கெட்டியான தே ஓவில் (பால் சேர்க்காத தேநீரில்) ஓர் இரவு ஊறவைத்தால் போதும். சேற்றுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் முல்தானி மிட்டியோடு கொக்கோ தூள் கலந்து குழைத்துக்கொள்ளலாம். ஆற்றோரச் சேற்றை நடிகரின் தோலில் பூசவே கூடாது, காரணத்தைக் கீழே ஆற்றைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். செயற்கை இரத்தத்துக்கு எல்லாரும் சொல்வது சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும். ஸ்டூடியோவில் அது சரி. காட்டில் பத்து நிமிடத்தில் எறும்பும் தேனீயும் வந்துவிடும். சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கூழாக்கி, சிவப்புச் சாயத்தோடு ஒரு துளி நீலமும் சிட்டிகை கொக்கோவும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாள்தான் தாங்கும், அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். வியர்வை இங்கே தானாக வரும் என்று விட்டுவிடாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு உலர்ந்த முகத்தோடு வந்து நிற்பார். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்த தெளிப்பான் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

நொண்டும் நடைக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. காலணிக்குள் காய்ந்த கொண்டைக்கடலை ஒன்றைப் போட்டுவிடுங்கள். எந்தக் கால் என்பதைக் கணக்குத் தாளில் எழுதுங்கள். மூன்றாம் நாள் இடது காலை இழுத்தவன் நான்காம் நாள் வலது காலை இழுக்கும் படங்கள் நிறைய உண்டு.

இனி வெளிச்சம். இங்கேதான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்றது நம்மைக் கவிழ்க்கிறது. 2015-இல் வந்த 'தி ரெவனன்ட்' படத்தை ஒளிப்பதிவாளர் இமானுவேல் லுபெஸ்கி பெரும்பாலும் இயற்கை ஒளியிலேயே எடுத்தார் என்று படித்துவிட்டு, நாமும் அப்படியே எடுக்கலாம் என்று கிளம்புகிறோம். அவர்கள் எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில். பனி கரைந்துவிட்டதால் கடைசிப் பகுதிக்கு அர்ஜெண்டினாவின் தென்கோடிக்குப் போனார்கள். அந்த அட்சரேகைகளில் குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே சாய்ந்து நிற்கும், அந்தி நீண்டு கிடக்கும். கோலாலம்பூர் இருப்பது வடக்கே 3 பாகையில். இங்கே சூரியன் செங்குத்தாக விழும். மறைந்தபின் கேமராவுக்கு உதவும் வெளிச்சம் வெட்டவெளியிலேயே 20 நிமிடம்தான், மரத்தடியில் அதுவும் கிடைக்காது. சூரியன் 7:00-க்கும் 7:30-க்கும் இடையில் மறைகிறது என்று நாள்காட்டி சொன்னாலும், அடர்காட்டுக்குள் 6:30-க்கே முகம் தெரியாது.

நம் கடிகாரம் சூரியனை விட முன்னால் ஓடுவதையும் மறக்காதீர்கள். இங்கே உச்சி வேளை 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1:15-க்கு. 11:30-லிருந்து 3 மணி வரை வெயில் தலைக்கு மேலிருந்து ஓட்டைகள் வழியாகப் பொட்டுப் பொட்டாக இறங்கும். அடர்ந்த மழைக்காட்டில் தரைக்கு வருவது மேலே விழும் ஒளியில் 1 அல்லது 2 விழுக்காடுதான். ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பார்கள்; 2 விழுக்காடு என்றால் ஏறக்குறைய ஐந்தரை ஸ்டாப், 1 விழுக்காடு என்றால் ஆறரை. ஆக நெற்றியில் விழும் ஒரு வெயில் பொட்டுக்கும் பக்கத்துக் கன்னத்துக்கும் ஆறு ஸ்டாப் வித்தியாசம். நெற்றி வெளுத்துப்போகும், கன்னம் கருமையில் மூழ்கும். சோதனைக் காட்சிகளில் "அழகா" என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இந்தப் பொட்டு வெயிலைத்தான். சுற்றுலா விளம்பரத்துக்கு அது பொருந்தும். பயத்துக்குத் தேவை மப்பான, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒளி. காலை 7:45 முதல் 10 மணி வரை மலைச்சரிவின் நிழலில் எடுங்கள். மப்புப் போட்ட நாள் கிடைத்தால் மதியத்திலும் எடுங்கள்.

மரத்தடி ஒளியின் நிறமும் ஒரு சிக்கல். இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கீழே விடுகின்றன. கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் தாவும். சாம்பல் அட்டையை நடிகர் நிற்கும் இடத்திலேயே பிடித்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சை முழுவதையும் எடுத்துவிடாமல் பாதியளவு விட்டுவையுங்கள். முழுக்கத் திருத்தினால் இலை இடுக்கில் தெரியும் வானம் கத்தரிப்பூ நிறமாகிவிடும்; முகமும் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும்.

நம் நடிகர்களின் மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் குறைந்த ஒளியில் எடுக்கும்போது முகத்தைப் பளிச்சென்று ஆக்க முயல்வது தவறு. கறுத்த தோலுக்கு உருவம் கொடுப்பது அதன் மினுக்கம். பவுடர் போட்டு அந்த மினுக்கத்தைக் கொன்றுவிடாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளைத் துணியை முகத்துக்குப் பக்கவாட்டில், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பிடித்தால், கன்னத்து எலும்பிலும் மூக்கின் ஓரத்திலும் வியர்வையின் மேல் ஒரு வெள்ளிக்கோடு விழும். மறுபக்கம் கறுப்புத் துணி. மொத்தச் செலவும் இரண்டு துணிதான்.

இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்துவிடலாம். வெட்டவெளியில் பகலை இரவாக்குவது பெரும்பாலும் பொய்யாகத் தெரிவது வானத்தால்தான். காட்டுக்குள் வானமே ஃபிரேமில் வராதபடி எடுக்க முடியும். மப்பான நேரத்தில் இரண்டு முதல் இரண்டரை ஸ்டாப் குறைத்து, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வின் பக்கம் வைத்தால் நம்பும்படி இருக்கும். தீ இருக்கும் காட்சியை மட்டும் உண்மையான இரவில் எடுங்கள். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, வினாடியில் 50-இல் ஒரு பங்கு, தீயிலிருந்து ஒரு மீட்டரில் முகம். தீ படபடத்து அணையும் தருணங்களுக்காக மங்கல் மஞ்சள் பல்பு இரண்டைக் கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம். லுபெஸ்கியே ஒரு முகாம் தீக் காட்சியில் காற்றைச் சமாளிக்கத் தீயைச் சுற்றி பல்புகள் வைத்தவர்தான்.

அந்தத் தீயை அவன் எப்படி மூட்டினான் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இங்கே தரையில் கிடக்கும் எந்தக் குச்சியும் காய்ந்திருக்காது. சாய்ந்து நிற்கும் செத்த மரக்கிளையைப் பிளந்து, உள்ளே காய்ந்த பகுதியைச் சீவியெடுக்க வேண்டும். மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளும் டாமார் என்று சொல்லும் பிசின் மழையிலும் பற்றும். நம் வீடுகளில் சாம்பிராணியோடு போடும் குங்கிலியம் இதே மரக் குடும்பத்திலிருந்துதான் வருகிறது. சைக்கிள் டியூபின் ஒரு துண்டும் ஈரக்காட்டில் நல்ல தீமூட்டி. கதையில் அந்த ஆள் பையைக் கட்ட டியூப் பட்டை ஒன்றை வைத்திருந்து, அதை எரிப்பதா வைத்துக்கொள்வதா என்று தயங்கும் காட்சி ஒரு நிமிடம் நின்றாலும் சலிக்காது. குங்கிலியத்தின் வாசனையைத் தெரிந்துகொண்டு அந்தப் பிசினை அவன் அடையாளம் காண்கிறான் என்று வைத்தால், தமிழ் வீட்டில் வளர்ந்தவன் என்பது வசனமே இல்லாமல் தெரியும்.

இப்படி வேலையைக் காட்டுவதில் அகிரா குரோசாவாவின் 1975-ஆம் ஆண்டு 'டெர்சு உசாலா'வை மிஞ்சிய படம் அரிது. உறைந்த ஏரியில் இருட்டுவதற்குள் புல்லை அறுத்துக் குவித்துக் குடிலாக்கும் அந்தக் காட்சியில் விலங்கும் இல்லை, எதிரியும் இல்லை. சாயும் சூரியனும் காற்றும் புல் அறுக்கும் வேகமும் மட்டும். ஏன் அறுக்கிறோம் என்பதே உடனிருக்கும் கேப்டனுக்கு முதலில் புரிவதில்லை. உங்கள் படத்தில் இதற்கு ஈடானது இலைக் கூரை வேயும் காட்சி. எட்டு ஷாட், தொண்ணூறு வினாடி, குறைக்காதீர்கள். ஒவ்வொரு ஷாட்டும் முந்தையதை விட மூன்றில் ஒரு பங்கு முதல் அரை ஸ்டாப் வரை இருட்டாக இருக்கட்டும், நிறமும் சிறிது குளிரட்டும். உண்மை அந்தியில் எட்டு ஷாட் எடுக்க நேரம் போதாது. முதல் ஆறையும் 4 மணியிலிருந்து எடுத்து எக்ஸ்போஷரைப் படிப்படியாக இறக்குங்கள். கடைசி இரண்டை மட்டும் மெய்யான இருட்டல் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

வழி தவறுவதைக் காட்டுவது கேமராவின் வேலை. சூரியனோ வேறு அடையாளமோ தெரியாத இடத்தில் நேராக நடப்பதாக நினைக்கும் மனிதர்கள் உண்மையிலேயே வட்டமடிக்கிறார்கள் என்பதை ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009-இல் சோதித்துக் காட்டினார்கள். சூரியன் தெரிந்தபோது நேராக நடந்தவர்கள், மேகம் மூடியபோது தங்களுக்கே தெரியாமல் சுற்றி வந்தார்கள். இங்கே இன்னொரு தொல்லை, உச்சிவேளையில் சூரியன் தெரிந்தாலும் நிழல் காலடியிலேயே கிடக்கும், திசை சொல்லாது. ஆகவே ஒரு பலகை வேர் மரத்தைத் தேர்ந்தெடுங்கள், வேரில் எளிதில் நினைவில் நிற்கும் ஓர் ஓட்டை இருக்கட்டும். முதல் முறை அதைச் சாதாரணமாகக் கடக்கிறான். இரண்டாம் முறை வேறு கோணத்தில், பின்னணியில், அவன் கவனிக்காதபோது பார்ப்பவர் கவனிக்கும்படி வையுங்கள். மூன்றாம் முறை அவனும் பார்க்கிறான். அவனுக்கு முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

லென்ஸைப் பொறுத்தவரை, 85 முதல் 135 மி.மீ. வரை இலை அடுக்குகளை நசுக்கிச் சுவராக்கும். 200 மீட்டர் தூரத்தில் தார்ச்சாலை இருந்தாலும் தெரியாது. முகத்துக்கு அருகில் 20-24 மி.மீ. வைத்தால் அவனையும் சுற்றியுள்ள காட்டையும் ஒரே மூச்சில் பிடிக்கலாம். ட்ரோன் வேண்டாம். மேலிருந்து ஒரு முறை காட்டினால், காடு எங்கே முடிகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியாததை நமக்குத் தெரிவித்துவிட்டால் அச்சத்தில் பாதி போய்விடும்.

ஒலிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சில்வண்டுகளின் இரைச்சல் தமிழின் ச, ஷ, ஸ ஒலிகள் இருக்கும் அதே உயர் அலைவரிசையில் உட்கார்ந்துகொள்ளும். வசனத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. காலை 10 மணி ஷாட்டில் இல்லாத வண்டு, 4 மணி ஷாட்டில் கத்தும். இரண்டையும் வெட்டி ஒட்டினால் ஒலி தாவும். சட்டைக்குள் ஒரு காலர் மைக் வைத்துக்கொள்ளுங்கள், முக்கிய வசனத்தைப் பிறகு டப்பிங்கில் எடுங்கள். யாரும் அசையாமல் இரண்டு நிமிடக் காட்டொலியை விடியல், முற்பகல், மதியம், அந்தி, இரவு என ஐந்து வேளையும் பதிவு செய்யுங்கள். மாலை ஆறு மணியை ஒட்டி ஊதல் போலக் கத்தத் தொடங்கும் பெரிய வண்டு ஒன்று நம் காடுகளில் உண்டு. அதன் குரலை இரண்டு மாலைகளில் கேட்க வைத்துவிட்டால், மூன்றாம் மாலை அந்த ஒலி வந்தவுடனேயே 'இருட்டப் போகிறது' என்று பார்ப்பவரின் உடம்பு சொல்லும்.

இணையத்தில் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளை நம்பாதீர்கள். அதில் காலடி என்றால் காய்ந்த சருகு நொறுங்கும். நம் காட்டுத் தரை ஈரம், நொறுங்காது; சொதசொதவென்று அமுங்கும், வேர் மேல் ரப்பர் காலணி வழுக்கும். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் சிறகே நீராவி ரயில் போல மூச்சுவிடும். உலு கொம்பாக் பக்கமாக இருந்தால் காலையில் சியாமாங் குரங்கின் கூவல் கேட்கலாம். கதையைப் பினாங்குக்கு மாற்றினால் அந்த ஒலியை எடுத்துவிடுங்கள், அந்தத் தீவில் அவை இல்லை. பயமுறுத்தப் புலி உறுமலையும் போட வேண்டாம். மலேசியத் தீபகற்பம் முழுக்கச் சேர்த்தே காட்டில் 150-க்கும் குறைவான புலிகள்தான் என்று தேசியக் கணக்கெடுப்பு 2022-இல் அறிவித்தது. நான்கு நாள் தொலைந்தவனைக் கொல்லக்கூடியவை வழுக்கும் பாறை, ஈரச் சட்டையோடு கழியும் இரவு, கெட்ட தண்ணீர், ஆறு.

இடம் தேர்வு பற்றி. கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகக் காடு, ஈயச் சுரங்க நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு வளர்த்தது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பச்சைக் கற்பூரம் தரும் காப்பூர் மரங்களின் முடிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பதை நிமிர்ந்து பார்த்து எடுக்கலாம். அது நெருக்கமான பாதைகளுள்ள இடம், அனுமதியும் கட்டணமும் உண்டு. புக்கிட் காசிங் வீட்டுக்கு அருகில் இருப்பதால் வசதி, ஆனால் பழைய ரப்பர் காடு. பால் மரங்களின் வரிசை ஃபிரேமில் தெரிந்துவிட்டால், தோட்டத்தில் வளர்ந்த எந்தத் தமிழரும் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதுபோல ரேசாம் பெரணியும் செண்டுடுக் பூவும் வெயில் படும் காட்டோரச் செடிகள். மூன்றாம் நாள் 'நடுக்காட்டில்' அவை தெரியக் கூடாது. பினாங்கில் எடுப்பவர்களுக்கு 833 மீட்டர் உயரக் கொடிமலையின் மேல்சரிவுகளில் மேகம் இறங்கி நிற்கும் வேளைகள் கிடைக்கும். அங்கே லென்ஸ் பனிப்பதும் அதிகம். எங்கே எடுத்தாலும் குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேரே வெளியே எடுக்காமல், மூடிய பையிலேயே முக்கால் மணி நேரம் விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். இரவில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ள உலர்பெட்டியில் வையுங்கள், இல்லையேல் லென்ஸுக்குள் பூஞ்சை வரும்.

நிரந்தர வனக்காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். படப்பிடிப்புக்கான விதிகளைத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தீ மூட்டும் காட்சிக்கும் கூரை வேயும் காட்சிக்கும் காப்பகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காட்டை ஒட்டிய தனியார் டுரியான் டூசுன் (பழத்தோட்டம்) ஒன்றில், உரிமையாளரின் ஒப்புதலோடு, விழுந்து கிடக்கும் ஓலைகளை வைத்து எடுங்கள். கடினமான பகுதியை வேறிடத்தில் எடுப்பது ஏமாற்று அல்ல. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் குணா குகைப் பள்ளமே செட்தான்.

ஆற்றைப் பற்றிக் கடைசியாகச் சொல்வது, அதுதான் மிக ஆபத்தானது என்பதால். மேலே மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே கெபாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறுவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள், கேமரா உட்பட. ஆற்றில் எடுக்கும் நேரம் முழுக்க ஒருவர் வேறு வேலை எதுவும் செய்யாமல் விசிலோடு மேல்பக்கம் நின்று தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் இடி இடிக்கிறது, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். ஆற்றுக் காட்சிகளை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், ஆற்று நீரிலும் சேற்றிலும் இருந்து கீறல் வழியாக உடம்புக்குள் போகும். அதனால்தான் ஆற்றுச் சேறு வேண்டாம் என்றேன். படப்பிடிப்பு முடிந்த மூன்று நான்கு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் 'ஆற்றில் இறங்கினேன்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கேமராவை நிறுத்துமுன் தலைக்கு மேல் செத்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள், மழை விட்ட பிறகும் கிளைகள் முறிந்து விழும். நடிகரின் காலணியை மணிக்கொரு முறை கழற்றிப் பாதத்தைத் துடைத்துக் காலுறை மாற்றுங்கள். ஊறிய பாதம் மேக்கப்பில் மட்டும் இருந்தால் போதும். மாலை 5 மணிக்குக் காட்டிலிருந்து கிளம்பிவிட வேண்டும். கடைசி இரண்டு கூரை ஷாட்டுகளும் இரவுத் தீக் காட்சியும் அந்தி, இரவு ஒலிப்பதிவும் டூசுனில்தானே, அங்கிருந்து சாலைக்கு இரண்டு நிமிடம்.

மழைக் காட்சிக்கு ஒரு குறிப்பு. உண்மையான மழை கேமராவில் தெரியாது, பின்னால் இருந்து ஒளி வந்தால்தான் துளி தெரியும். இருண்ட மரங்களைப் பின்னணியாக வைத்து, இலை இடுக்கு வெளிச்சத்தை நடிகரின் முதுகுப் பக்கம் வரும்படி நிறுத்தி, குழாய்த் தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சி விழவிடுங்கள். ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் செய்யாதீர்கள், நடிகர் வாயைத் திறந்து குடிக்கும் காட்சி அது.

இனி மீட்புக் காட்சி. பெரும்பாலான படங்கள் இங்கே கணக்குத் தாளைக் கைவிட்டுவிடுகின்றன: தீயணைப்பு மீட்புப் படையினர் வருகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், அவன் ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடிக்கிறான், இசை பெருகுகிறது. நான்கு நாள் வயிறு காய்ந்தவன் அப்படிக் குடித்தால் வாந்தி எடுப்பான். மீட்பவர்கள் பாட்டிலை அவன் கையில் முழுதாகக் கொடுக்காமல், மூடியளவு, பிறகு ஒரு வாய் என்று கொடுப்பார்கள். அவன் பாட்டிலைப் பிடுங்கப் பார்க்க, அவர்கள் விடாமல் பிடித்திருக்கும் அந்தக் கைகளை நெருக்கத்தில் எடுங்கள். அவர்கள் மலாயில் பெயர் கேட்கட்டும், நான்கு நாள் யாரோடும் பேசாத வாய் முதலில் தமிழில்தான் திறக்கும். வசனம் ஒரே சொல், "தண்ணி". அந்த ஷாட்டில் அவனுடைய இடது கால் இன்னும் வெளி ஓரத்திலேயே ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.